கூர் பார்க்கும் அண்ணாச்சி

தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல் கடைத்தெருவில் கத்தி விற்பவர், வாங்குபவர் என்னும் இரு வகையினரைத் தவிர மூன்றாவது வகையினரும் உண்டு. விற்காமலும் வாங்காமலும், வந்த கத்தியின் கூரைப் பார்த்துத் தீர்ப்பு வழங்குவதையே பிறவிப் பயனாகக் கொண்ட இவர்களை, வேறு பெயர் அமையாமையால், கூர்பார்ப்பார் எனலாம்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞரின் பெட்டியில் ‘மல்ட்டி டூல்’ இருப்பது தெரிந்தால், அதாவது 1983-இல் அமெரிக்க லெதர்மேன் நிறுவனம் சந்தைக்கு விட்டதைப்போல, குறட்டின் கைப்பிடிக்குள் கத்தியும் திருப்புளியும் மடங்கிக் கிடக்கும் கருவி இருப்பது தெரிந்தால், அது பெட்டியைவிட்டு வெளிவருமுன் கூர்பார்ப்பார் திண்ணைக்கு வந்துவிடுவார். “கொண்டாடே, பாப்போம்” என்று கை நீட்டுவதில் கேட்கும் தொனி இராது. வரி வசூலிக்கும் தொனியே இருக்கும்.

முதலில் அவர் அலகை நகத்தால் சுண்டி நாதம் கேட்பார்; மடக்குக் கத்தியில் எழும் ஒலி, எஃகைவிடத் திருகாணியின் தளர்ச்சியைப் பற்றியே கூடுதலாகச் சொல்லும் என்பது அவருக்குப் பொருட்டன்று. அடுத்து விளிம்பை வெயிலுக்கு நேரே பிடிப்பார். இது முறையான சோதனையே. கூரான விளிம்புக்கு ஒளியைத் திருப்பும் அகலம் இல்லாததால், மழுங்கிய இடம் மட்டுமே வெள்ளிக் கோடாக மின்னும். பின்பு பெருவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்து, வழுக்குகிறதா கடிக்கிறதா என்று பார்ப்பார். இறுதியில் கை மயிரை மழிப்பார். எந்தக் கூட்டத்திலும் கூர்பார்ப்பாரை இனங்காண விரும்புவோர் இடக்கையை நோக்கினால் போதும், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே நாலு விரற்கடை அகலத்துக்குப் பச்சைப் பிள்ளையின் தோல் இருக்கும்.

இவ்வளவும் கூரைப் பற்றியவை. கூரைச் சாணைக்கல்லே தந்துவிடும். அந்தக் கூர் நிற்பதற்குத்தான் எஃகின் தரமும் தோய்ச்சலும் வேண்டும். தோய்ச்சல் என்பது, பழுக்கக் காய்ச்சிய இரும்பை நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தி இறுக்குவது. பிறகு மிதமாகச் சூடேற்றி அதன் நொறுங்கும் தன்மையைக் குறைக்காவிட்டால் அலகு கண்ணாடிபோல் தெறித்துவிடும். புதுக் கத்தியின் விளிம்பில் சிலவேளை பிசிறு, அதாவது தீட்டும்போது மறுபக்கம் சுருண்ட மெல்லிய உலோக இழை, தங்கியிருந்து தாளை அழகாகக் கிழித்து, நாலு வெட்டில் மடங்கி மானத்தை வாங்கும். ஆகவே ஓர் அலகின் குணத்தை வாழைத்தோட்டத்தில் சில மாதம் உழைத்தே அறிய முடியும். அவ்வாறு அறிந்த பனையேறியும் வாழைக்காரரும் இதுபற்றி வாய் திறப்பதில்லை.

துருப்பிடிக்காத எஃகு என்றால் கூர்பார்ப்பாருக்கு ஆகாது. குரோமியம் சேர்ந்தமையால் துரு அண்டுவதில்லை என்று இளைஞர் விளக்கினால், “துருவே பிடிக்காதது என்ன இரும்புடே?” என்பார். பக்கத்துச் சிவகளையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 3345 வரை பின்செல்வதாகத் தமிழக அரசு 2025 சனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கையை, அதன்மேல் அறிஞர் எழுப்பும் வினாக்களுக்கு இடங்கொடாமல், தமக்கு வழங்கப்பட்ட பட்டயமாகவே அவர் கருதுகிறார். ஐயாயிரம் ஆண்டு இரும்பு பார்த்த ஊரில் நேற்று வந்த குறடு என்ன பேச முடியும்!

பிறகு சோதனை கடுமையாகும். நைலான் கயிறு, தென்னை மட்டை, பழைய டயர் ஆகியவற்றைக் கடந்து சிரட்டையைச் சீவும்போது கூர் போய்விடும். “நான் அப்பவே சொன்னேம்லா, நிக்காதுன்னு” என்று கருவியை மடக்கித் திருப்பித் தருவார். மறுநாள் இளைஞர் அதைச் சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோவார். அந்தச் சாணைக்காரர் செலவில்தான் கூர்பார்ப்பார் நாள்தோறும் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறார்.