முன்பக்கம் தட்டுதுங்களா? பிக்கப் முதலாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சியில் இளநீர் ஏற்றிக்கொண்டு கிணத்துக்கடவு தாண்டும்போது, முன்சக்கரப் பக்கம் ‘டொக்கு டொக்கு’ என்று தட்டுகிறதா? முதலில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். சரியாகாதவர்கள் மேலே படிக்கலாம்.

அடுத்து, யார் மேல் பழி போடுவது என்று முடிவு செய்யுங்கள். லோடு மேல் மட்டும் போடாதீர்கள். உங்கள் பொலேரோ பிக்கப்பின் பெயரிலேயே 1.7 டன் என்று இருக்கலாம். அது கம்பெனிக்காரர் அடக்கத்துக்காகச் சொன்ன கணக்கு. மூன்று டன் ஏற்றினாலும் வண்டி இழுக்கிறதா இல்லையா? இழுக்கிறது. அப்புறம் என்ன பேச்சு? ரோடு சரியில்லை, வேகத்தடை சரியில்லை, போன மாசம் நின்றுபோன டிரைவர் சரியில்லை. இந்த மூன்றில் டிரைவர்தான் வசதி. எதிரில் நின்று மறுத்துப் பேச மாட்டார்.

சில மெக்கானிக்குகளுக்கு வண்டியைப் பார்த்துவிட்டுப் பேசும் கெட்ட பழக்கம் உண்டு. அப்படி ஒருவர் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்குவார். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டுவார். ஆட்டம் இருந்தால், பையனை உள்ளே ஏற்றி பிரேக்கை மிதிக்கச் சொல்வார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின். காயில் ஸ்பிரிங் வைத்த வண்டி என்றால் பால் ஜாயின்ட். பிறகு டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டுவார். அதில் தெரிவது பெரும்பாலும் டை ராடு எண்டு. கடைசியாக டயரைத் தடவிப் பார்ப்பார். திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சர்பரைச் சந்தேகப்படுவார். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டையும் கிங் பின்னையும். மொத்தத்தில் ஒரு டீ குடிக்கிற நேரம். இவ்வளவு சீக்கிரம் முடிகிற பரிசோதனையை எப்படி நம்புவது? வண்டியை இறக்கச் சொல்லிவிட்டு மாமாவுக்குப் போன் போடுங்கள்.

மாமா வண்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. “மாப்ள, அது கமான் பட்டைதான். ஒரு பட்டை சேத்திப் போட்டுட்டா கல்லாட்ட நிக்குமுங்க” என்பார். இந்த வைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் பல பிக்கப்புகள் இதில்தான் ஓடுகின்றன.

ஆறு பட்டை உள்ள கட்டில் அதே தடிப்பில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தால், விறைப்பு சுமார் ஆறில் ஒரு பங்கு கூடும். போதாது என்று 8 மி.மீ. பட்டையை எடுத்துவிட்டு 10 மி.மீ. போட்டால், அந்த ஒரு பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். காரணம், தடிப்பு கூடினால் விறைப்பு அதன் மும்மடிக் கணக்கில் ஏறும். இப்போது குழியில் விழுந்தால் பட்டை வளையாது. வளையாத பட்டை அந்த அடியை என்ன செய்யும்? சாக்கிள் பின், புஷ், கிங் பின், சேஸிஸ், டிரைவரின் இடுப்பு என்று வரிசையாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். இரவில் அவரே ஒதுங்கி வழி விடுவார்; இதை லாபக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

டாட்டா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. முன்னால் இருப்பது பாரபோலிக் பட்டை. நடுவில் தடித்து முனையில் மெலிந்து, ஒன்றோடொன்று உரசாமல் வேலை செய்யும்படி செய்தது. அதற்கு நடுவே பழைய லாரிப் பட்டை ஒன்றை வெட்டிச் செருகினால், அதைச் செய்தவர்கள் யோசித்த அத்தனையும் ஒரே மத்தியானத்தில் ரத்தாகும். தொய்ந்த பட்டையை நெருப்பில் காய்ச்சிச் சம்மட்டியால் வளைத்துத் தருகிற பட்டறைகளும் உண்டு. பட்டையின் பதம் நெருப்போடு போய்விடும், வளைவு மட்டும் அடுத்த நடை வரை இருக்கும்.

பட்டை முடிந்தது, பின்னுக்கு வருவோம். கோயமுத்தூர்க்காரர் கிங் பின்னுக்காகக் கடை ஏறினால் ஊருக்கே தலைகுனிவு. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் சந்துக்குச் சந்து லேத் இருக்கும்போது ஸ்பேர் கடை எதற்கு? “கொண்டாங்ணா, கடைஞ்சு போட்டரலாமுங்க” என்பார் லேத்காரர். நீங்கள் தயங்கினால், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றைப் பஸ் விட்டுத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவைச் சாட்சிக்கு இழுப்பார். நாயுடு பெயர் வந்த பிறகு யாரால் மறுத்துப் பேச முடியும்? அளவு துல்லியமாகவே இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கிங் பின்னுக்கு மேல்தோல் மட்டும் கடினமாகும்படி ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்திருப்பார்கள். பச்சை இரும்பில் கடைந்த பின்னுக்கு அது கிடையாது, சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்தால் மறுபடி கடையலாம். லேத்காரர் பிள்ளையின் காலேஜ் பீஸுக்கு உங்கள் பங்கு.

பிடிவாதமாகக் கடைக்கே போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சேஸிஸ் நம்பரைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிகளிலும் வருஷத்துக்கு ஒரு மாதிரி பாகம் வரும். “பொலேரோதானுங்க” என்று மட்டும் சொன்னால் கடைக்கும் வீட்டுக்கும் நாலு நடை கிடைக்கும். கிங் பின் கிட் வாங்கினாலும் புஷ்ஷுக்கு ரீமர் போட விடாதீர்கள், கையால் அடித்து இறக்கச் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்தே ஸ்டீயரிங் இறுகி, டிரைவருக்குத் தோள்பட்டை தேறும். வலது ஷாக் அப்சர்பர் போனால் வலது மட்டும் மாற்றுங்கள், இடதுக்குப் பொறாமைப்படத் தெரியாது. இழுபட்டுப்போன பழைய யூ போல்ட்டையே திரும்பப் போடுங்கள். கொஞ்ச தூரம் ஓடிய பின் அதை மறுபடி முறுக்க வேண்டும் என்பதை மறந்துவிடுங்கள். லூசான கட்டில் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்தால், வண்டி கொஞ்சம் கோணலாகப் போகும். பின்னால் வருபவருக்கு உங்கள் விலாசமும் போன் நம்பரும் பக்கவாட்டுப் பலகையிலேயே தெரியும். கிரீஸ் அடிக்கும் செலவை மிச்சம் பிடியுங்கள். அலைன்மென்ட்டைப் புது டயர் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்; அதைப் பார்க்காததால் அந்த நாள் தானாகவே சீக்கிரம் வரும்.

எல்லாம் மாட்டியாயிற்று. வெள்ளோட்டம் விட வேண்டும். காலி வண்டியில் என்ன தெரியும்? வழக்கமான மூன்று டன்னை ஏற்றி, நாற்பது கொண்டை ஊசி வளைவுள்ள வால்பாறை ரோட்டில் விடுங்கள். வழியில் எடை போட்டுப் பார்த்தால் பதற வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய டன்னுக்கு 2,000 ரூபாய் வேறு. உபரியை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். இதையும் ரோடு கணக்கிலேயே எழுதிவிடலாம்.

இதற்கு நடுவே, முதல் நாள் பிரேக்கை மிதிக்கச் சொன்ன அந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்பார்: “ஏனுங்ணா, எதையும் மாத்தறதுக்கு முன்னால ரெண்டு நடைக்கு ஒரு டன் கொறைச்சு ஏத்திப் பாக்கறீங்களா?” இந்த மாதிரிப் பேச்சு வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். உடனே மெக்கானிக்கை மாற்றிவிடுங்கள்.