சாய்தளமும் பூந்தொட்டியும்

சாய்தளம் இல்லாத அலுவலகம் என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்கிறது விதி. அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? மூன்றடியில் முடித்தால் சறுக்குமரம் தயார். கீழே மேலாளரின் பைக், மேலே இரண்டு பூந்தொட்டி. மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிக் கழிப்பறையும் உண்டு. அதில் துடைப்பமும் வாளியும் பழைய ஃபைல்களும் சௌகரியமாக வசிக்கின்றன. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீத இடம் கொடுத்தது. இடம் கிடைத்தது, நாற்காலிதான் இரண்டாம் மாடியில். லிஃப்ட் அடிக்கடி பழுதாகும். 'பழுது' என்ற பலகை மட்டும் ஒருநாளும் பழுதானதில்லை.

சரி, காற்று வாங்க மெரினா போகலாமா? பல ஆண்டுகள் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மட்டும் மணலில் தற்காலிகப் பாதை விரிப்பார்கள். மற்ற நாட்களில் கடலுக்கு விடுமுறை போலும்! 2022 நவம்பரில் நிரந்தரப் பாதை திறந்தார்கள்; அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பழியைப் புயல்மேல் போடலாம். அலுவலகப் படிக்கட்டைப் புயலா கட்டியது?

அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே, கட்டட வரைபடம் போடும் அன்றே சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கட்டி இடிப்பதைவிட அது மலிவு.