இட்லிக்கடை அக்காவுக்கு வாய்த்த புரவலர்கள்

சென்னையில் கூவம் கரையோரம் இட்லிக்கடை போட்டுவந்த அக்காவைப் போலக் கொடுத்துவைத்தவர் யார்? அவரை முதலாளியாக்கியே தீருவது என்று எத்தனை பேர் கங்கணம் கட்டியிருக்கிறார்கள்!

முதல் மரியாதை தண்டல்காரருக்கு. ஜாமீன், வரவு செலவுக் கணக்கு என்று கேட்டு அவர் யாரையும் அலையவிடுவதில்லை. 10,000 ரூபாய் கடன் என்று சொல்லி, எண்ணும் சிரமம் குறையட்டுமே என்று 1,500-ஐத் தம் பையிலேயே வைத்துக்கொண்டு மீதியைத் தருவார். பிறகு தினம் 100 ரூபாயாக 100 நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அக்கா கடை திறக்காவிட்டால் வீட்டுக்கே வந்து, அக்கம்பக்கம் கேட்கும்படி நலம் விசாரிப்பார். எந்த வங்கி இப்படி வீடு தேடி வருகிறது? ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும் என்பதெல்லாம் வயிற்றெரிச்சல்காரர் பேச்சு. 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. குறிப்பிட்டதோடு நிறுத்திக்கொண்ட நாகரிகத்தை என்னவென்று சொல்ல!

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்கென்றே 2013-இல் பாரதிய மகிளா வங்கியைப் பெற்றெடுத்து, நாலு வயது நிறையுமுன் 2017-இல் ஸ்டேட் வங்கி என்கிற பெரிய இடத்தில் கட்டிக்கொடுத்துக் கடமையை முடித்தது. 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டமோ, நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும் என்கிறது. தள்ளுவண்டிகளை அள்ளிப்போகும் லாரி இன்னும் தாராளம். ஆண், பெண் என்று பார்ப்பதே இல்லை.

ஆனாலும் மறுகுடியமர்த்தியவர்களின் கருணைக்கு ஈடில்லை. கூவம் கரைக் குடிசையிலிருந்த அக்காவை 20 கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக்கு உயர்த்தினார்கள். லிஃப்ட் ஓடாத நாளில் மாவுக் குண்டானோடு மாடி இறங்குவது உடம்புக்கு நல்லதுதானே. பழைய வாடிக்கைக்காரர்களான சுமைதூக்குபவர்களும் ஆட்டோக்காரர்களும் விடியற்காலையில் பழைய இடத்திலேயே பசியோடு நிற்கிறார்கள். அவர்களையும் சேர்த்து ஏற்றிவர மறந்தது சின்னக் கைப்பிசகு. புது இடத்திலும் ஆளுக்குப் பஞ்சமில்லை. என்ன, ஒவ்வொரு பிளாக்கிலும் வேறொரு அக்கா இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறார். கடனும் கூடவே குடிவந்துவிட்டது. அதற்கு ஒதுக்கீட்டு ஆணை தேவைப்படவில்லை.

வீட்டுக்காரரை விட்டுவிடலாகாது. கல்லாவைத் தினமும் தவறாமல் தணிக்கை செய்வது அவர்தான். தணிக்கை முடிந்ததும் நேரே டாஸ்மாக்.

இத்தனைக்குப் பிறகும் வியாபாரம் படுத்தால், அக்காவுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று பொருள். அதையும் பயிற்சி முகாமில் இலவசமாகத் தருகிறார்கள். காலை ஆறு மணி வியாபாரத்தை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, ஏசி அறையில் உட்கார்ந்து பிராண்டிங் கற்றால் போதும். மகளிர் தினத்தன்று சால்வையும் உண்டு. அன்றைக்குக் கடை இல்லையே என்று அக்கா தயங்கியபோது, "பரவாயில்லக்கா, நாளைக்கு எரநூறா குடுத்துடு" என்று பெரிய மனசு பண்ணிவிட்டார் தண்டல்காரர்.