மூட்டு வலியும் முக்கண்ணனும்

கேள்வி: முழங்கால் தேய்ந்துவிட்டது. பிரகாரம் சுற்ற முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து கும்பிடுகிறேன். சாமி கணக்கில் இது வருமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாக வரும், அம்மா. அப்பர் பெருமானுக்கே கால் ஒத்துழைக்கவில்லையே! தள்ளாத வயதில் கயிலைக்குக் கிளம்பினார். பாதம் தேய்ந்ததும் கையூன்றித் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், கடைசியில் புரண்டார் என்கிறார் சேக்கிழார். மலையை எட்டவில்லை. வழியில் ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லி உத்தரவாயிற்று. மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில். அங்கே ஆணும் பெண்ணுமாக யானைகள் வந்தன, கோழியும் பெடையும் வந்தன, குயில்கள் வந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் அம்மையப்பரைக் கண்டார். ஆடி அமாவாசைதோறும் அங்கே கயிலைக் காட்சி விழா நடக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய் வரலாம். நாற்காலியை மட்டும் ஜனம் வந்துபோவது தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கோபுரத்துப் புறாவும், நெற்றி கொள்ளாமல் திருநீறு அப்பிக்கொள்கிற பொடிசும் தரிசனத்தில் சேர்த்திதான்.

கேள்வி: எட்டு வயதுப் பேரனிடம் பேச எனக்கு விஷயமே கிடைப்பதில்லை. (வாசகர், மதுரை)

பதில்: பேசாதீர்கள், கேளுங்கள். சம்பந்தர் சிறு பிள்ளை. கயிலைக்குத் தவழ்ந்த அந்தப் பெரியவரை 'அப்பரே' என்று அவர் அழைத்த உறவு அது. திருப்பூந்துருத்தியில் அந்தப் பிள்ளையின் பல்லக்கைத் தூக்கியவர்களுக்குள் பெரியவரும் புகுந்து தோள் கொடுத்தார். "அப்பர் எங்கே?" என்று பிள்ளை கேட்க, பதில் பல்லக்கின் அடியிலிருந்து வந்தது. பதறிக் குதித்தார் பிள்ளை! உங்கள் பேரனின் செல்போன் விளையாட்டை அவனிடமே கற்றுக்கொள்ளுங்கள். தோற்றுப் போனால் இன்னும் நல்லது, மறுநாளும் கூப்பிடுவான்.

கேள்வி: எண்பதுக்கு மேல் என்ன இருக்கிறது? (வாசகர், சேலம்)

பதில்: உ.வே.சா.வுக்குக் குறுந்தொகை இருந்தது. 1937இல் அதைப் பதிப்பித்தபோது அவருக்கு 82 வயது. 1940இல்தான் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார்.

கேள்வி: மனைவி போன பிறகு சாமி விளக்கை ஏற்றவே மனம் வரவில்லை. நம்பிக்கை போய்விட்டதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை ஐயா. துக்கம் முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். விளக்கு ஏற்றாததற்காக உங்களை நீங்களே தண்டிக்க வேண்டாம். அப்பரின் தமக்கை திலகவதியாரைப் பாருங்கள். பெற்றோர் மறைந்தார்கள், மணம் பேசிய கலிப்பகையார் போரில் மடிந்தார். உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக இருந்தார். பிறகு திருவதிகைக் கோயிலில் அலகிட்டார், மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். சூலை நோயோடு தம்பி ஓடி வந்தபோதும் அந்தக் கோயில் வேலையை அவர் விடவில்லை. அந்தத் தம்பியும் பிற்காலத்தில் உழவாரப்படையைக் கையில் எடுத்துப் புல் செதுக்கினார். மனம் வராத நாளிலும் கை வரும். கை போன வழியில் மனம் மெல்லப் பின்னால் வரும் என்று உறுதியாக நம்புகிறேன். உங்கள் பக்கத்துக் கோயிலில் உழவாரப் பணிக் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். குனிய முடியாவிட்டால் பூத்தொடுக்க உட்காருங்கள். தொடுக்கத் தெரியாதா? பக்கத்தில் உட்காரும் அம்மாவிடம் கேளுங்கள். உங்கள் வீட்டம்மா எப்படித் தொடுப்பார் என்று அவரிடம் சொல்லுங்கள்.