பேரலல் இழுப்பது எப்படி?

ஹாலில் இருக்கும் ஃபோனிலிருந்து மாடிக்கு ஒரு பேரலல் இழுக்க முடிவு செய்துவிட்டீர்கள். அவசரப்பட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாதீர்கள். சுவருக்குள் ஏற்கெனவே போகும் கரண்ட் பைப்பிலேயே ஃபோன் வயரையும் நுழைத்துவிட்டுக் காபி கேட்பார். அன்றிலிருந்து 230 வோல்ட்டும் 48 வோல்ட்டும் ஒரே பைப்பில் குடித்தனம் நடத்தும். நீங்கள் "ஹலோ" சொல்லுமுன் 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" என்று முந்திக்கொள்ளும். கடன்காரர்கள் அடிக்கடி கூப்பிடும் வீடுகளுக்கு இந்த முறையைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம்.

மற்றவர்கள் ஃபோன் வயரைக் கரண்ட் வயரிலிருந்து ஓர் அடியாவது தள்ளிக் கொண்டுபோகவும். தாண்டியே தீரவேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகத் தாண்டட்டும். முறுக்கிய ஜோடி வயராகப் பார்த்து வாங்குங்கள். இரைச்சல் இரண்டு கம்பியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஏறும். ஃபோன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே கேட்பதால் அது கழிந்துபோகும். கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் நம் வீடுகளில் கொலுவுக்குச் சீரியல் பல்பு போட்டு மிஞ்சிய வயர்தான் ஓடுகிறது.

வயரைப் பல்லால் உரிப்பவர்கள் கவனிக்க: மணியடிக்கும்போது லைனில் 75 வோல்ட் அளவுக்கு ஏசி ஏறும். அழைப்பு வந்திருப்பது முதலில் உங்கள் பல்லுக்குத்தான் தெரியும்.

அதே லைனில் பிராட்பேண்ட் (ஏடிஎஸ்எல்) இருந்தால் லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஸ்ப்ளிட்டரை மாட்டி, எல்லா ஃபோன்களையும் அதன் ஃபோன் பக்கத்தில் கொடுங்கள். யாருக்கும் பயன்படாமல் பரண்வரை போகும் பழைய வயரை அறுத்தெறியுங்கள். அது ஏரியல் வேலை பார்க்கும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ், ஏடிஎஸ்எல் ஓடும் அலைவரிசைக்கு நடுவிலேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

இனி அசல் குறுக்கீடு: கீழே ரிசீவரை எடுத்துக் கேட்கும் அத்தை. இதற்கு ஸ்ப்ளிட்டர் கிடையாது. அறிகுறிகள் மட்டும் உண்டு. 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரே லைன் கரண்டை இரண்டு செட் பங்கு போடுவதால் எதிர்முனைக் குரல் சன்னமாகும். பின்னணியில் குக்கர் விசில். அந்தக் கணமே பேச்சை வத்தக்குழம்புக்குத் திருப்பி, அத்தை கைமணத்தைப் புகழத் தொடங்குங்கள்.

மாடியில் ஒரு ஸ்விட்ச் வைத்துக் கீழ் ஃபோனைத் துண்டிக்கவும் வழியிருக்கிறது. பேசி முடித்ததும் திரும்பப் போட மறப்பீர்கள். கீழே ஃபோன் செத்துக்கிடக்கும். புகார் போய், லைன்மேன் வந்து, ரோசெட்டைத் திறந்து, வயரைப் பிடித்துக்கொண்டே மாடியேறி ஸ்விட்சைக் கண்டுபிடிப்பார். இது எதுக்கும்மா என்று அத்தையிடமே கேட்பார்.