குறி தப்பாத டம்மி

மருதநாயகம் என்ற யூசுப் கானைக் கொல்லக் கும்பெனிக்காரர்கள் துப்பாக்கியை நம்பவில்லை, கயிற்றை நம்பினார்கள். 1764 அக்டோபர் 15, இடம் மதுரையின் சம்மட்டிபுரம். பசுமலையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். அந்தக் கயிறும் இரண்டு தடவை அறுந்தது என்று ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கயிறு கிடக்கட்டும். அதற்கு முந்தின வருடம் இதே கும்பெனி, ஆற்காட்டு நவாபின் ஆட்களையும் கூட்டிக்கொண்டு, பீரங்கி துப்பாக்கி சகிதமாக மதுரைக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அடைமழை பிடித்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. மறுவருடம் திரும்பி வந்தும் வேலையை முடித்தது குண்டு அல்ல. கானின் திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சுக்காரர் மர்ஷானும் சேர்ந்து, சொந்த எஜமானையே கட்டிப் பிடித்துக் கொடுத்தார்கள்.

அந்தக் கானின் கதையைப் படமாக்கக் கமல்ஹாசன் 1997 அக்டோபர் 16 அன்று 'மருதநாயகம்' தொடக்க விழா நடத்தினார். எலிசபெத் மகாராணியே சென்னைக்கு வந்த இடத்தில் ஃபிலிம் சிட்டிக்குப் போய்ப் பார்த்தார். மருந்து போட்டாயிற்று, குண்டு போட்டாயிற்று, கெட்டித்தாயிற்று. இன்றுவரை வெடிக்கவில்லை.

இதையெல்லாம் எதற்கு இழுக்கிறேன் என்றால், தமிழ்ப் படத்தில் துப்பாக்கி தப்புத்தப்பாக வருகிறது என்று குறை சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பசுமலைப் பக்கம் எந்த டீக்கடையிலும் இரண்டு பேராவது தேறுவார்கள். போனில் படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, "மாப்ள, இது கிளாக்குடா. கிளாக்குக்கு வெளிய சுத்தியலே கிடையாது. அப்புறம் எப்படி 'டிக்'குனு இழுக்கிற சத்தம் வருது?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டிய சவுண்டு என்ஜினியர் சென்னையில் இருக்கிறார். நான் படங்களின் கட்சி. நம் வரலாற்றில் நிஜத் துப்பாக்கி சொதப்பிய அளவுக்கு எந்த டம்மியும் சொதப்பியதில்லை.

1799-க்குப் போவோம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில் மேஜர் பானர்மேன். அவர் காலத்துக் கும்பெனிச் சிப்பாய் கையில் இருந்தது பிரவுன் பெஸ் என்கிற மஸ்கட். சக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி பறந்து வெடிக்கிற ரகம். அதைச் சுடும் முறையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். வாயில் கரிமருந்து ஒட்டும், துப்ப நேரமில்லை. ஒரு சிட்டிகை மருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணியில் கொட்டி மூட வேண்டும். துப்பாக்கியை நட்டமாக நிறுத்தி, மிச்ச மருந்தைக் குழலில் கொட்டி, ஈயக் குண்டையும் காகிதத்தையும் மேலே திணித்து, இரும்புக் கம்பியை உருவிக் கெட்டிக்க வேண்டும். கம்பியைத் திரும்பச் செருக வேண்டும். மறந்து குழலுக்குள்ளேயே விட்டால் குண்டோடு கம்பியும் போய்விடும். அப்புறம் சண்டை முடிகிறவரை துப்பாக்கி வெறும் தடிதான். பிறகு தோளில் ஏற்றி, சுத்தியலை முழுக்க இழுத்து, சுட வேண்டும். கல் தேய்ந்திருந்தால் பொறி வராது. தூறல் போட்டிருந்தால் கிண்ணி மருந்து நமத்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நிமிடத்துக்கு மூன்று குண்டு. நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிறவன் மேல் அது பட்டால், அவன் ஜாதகத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஆக, ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே இருபது விநாடி. 1959-இல் பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையைப் பார்த்துச் சிவாஜி வரியைப் பற்றி மூச்சு விடாமல் கேள்வி கேட்பாரே, அவ்வளவு நேரம் வெள்ளைக்காரன் சும்மா நிற்பானா என்று நிபுணர்கள் கிண்டலடிக்கிறார்கள். நிற்காமல் என்ன செய்வான்? கெட்டித்துக்கொண்டிருப்பான். பக்கம் பக்கமாக வசனம் பேச அவகாசம் கொடுத்த ஒரே ஆயுதம் பிரவுன் பெஸ்தான். என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் மிகத் துல்லியமான வரலாற்றுத் தகவல் சிவாஜியின் வசன நீளம். நிஜத்தில் பானர்மேனின் முதல் தாக்குதல் தோற்றது. பாளையங்கோட்டையிலிருந்து பெரிய பீரங்கி வரட்டும் என்று அவர் காத்திருந்த நேரத்தில் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறிவிட்டார். கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்ததும் பீரங்கி இல்லை, புதுக்கோட்டைத் தொண்டைமான். கயத்தாற்றிலும் கயிறுதான்.

ஒன்றை மட்டும் நிபுணர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். 1799-இல் நடக்கிற கதையில் சிப்பாய் கையால் போல்ட்டை இழுத்துவிட்டுச் சுட்டால், அது லீ என்ஃபீல்டு. 1895-இல்தான் பிறந்தது; நம் போலீஸ் ஸ்டேஷன்களில் வெகுகாலம் சுவரில் சாய்ந்து நின்ற அதே '303'. கிட்டத்தட்ட நூறு வருடம் முன்னதாகவே கட்டபொம்மனைப் பார்க்க வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்வம்தானே.

சொதப்பாத நிஜத் துப்பாக்கி ஒன்றும் நம் பக்கத்தில் உண்டு. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், கலெக்டர் ஆஷ். வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்த சீமையில், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற இயந்திரம். அதைப் பற்றி மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை. பசுமலைக்கும் இந்தக் காலத்தோடு ஓர் உறவு இருக்கிறது. வ.உ.சி.யின் நெருங்கிய நண்பர் நாவலர் சோமசுந்தர பாரதியார் பிற்காலத்தில் குடியிருந்தது இங்கேதான். பிறந்தது எட்டயபுரம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஓடி, எட்டப்பன் என்றாலே ஜனங்கள் பல்லைக் கடித்த அதே 1959-இன் கடைசி மாதத்தில் அவர் காலமானார். அந்த வருடம் எட்டயபுரத்துக்காரராக இருப்பது சாமானியக் காரியமாக இருந்திருக்காது.

இனி துப்பாக்கி குறி தவறாத பொற்காலத்துக்கு வருவோம். 1966-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆனார். 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்'. அதே வருடம் ஒளிப்பதிவாளர் கர்ணன் 'காலம் வெல்லும்' என்று ஆரம்பித்து, 1972-இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று குதிரைகளை ஓடவிட்டார். தொப்பி, தோல் பட்டை, இடுப்பில் ஆறு குண்டு ரிவால்வர். டெக்ஸாஸில் நடக்க வேண்டிய கதைக்கு ஜக்கம்மா என்று பெயர் வைக்கிற துணிச்சல் ஹாலிவுட்டில் யாருக்கும் வரவில்லை. ஆறு குண்டு ரிவால்வரில் எட்டாவது குண்டு சுட்டபோது தரை டிக்கெட்டில் எவரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இன்னொரு அதிசயம், வில்லன் ரிவால்வரில் மாட்டிய சைலன்சர். ரிவால்வரில் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். சத்தமும் புகையும் அந்த வழியாக வெளியே வந்துவிடும். சைலன்சர் பலிக்கிற ரிவால்வர் என்று பேர் வாங்கியது 1895-ஆம் வருடத்து ரஷ்ய நாகாந்த் ஒன்றுதான். நம் வில்லன்கள் எல்லோரும் அதைத்தான் வரவழைத்திருக்க வேண்டும்.

நம்மை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? செர்ஜியோ லியோனியின் 'தி குட் தி பேட் அண்ட் தி அக்லி' 1862 வாக்கில் நடக்கிற கதை. கிளிண்ட் ஈஸ்ட்வுட் கையில் இருக்கிற கோல்ட் ரிவால்வர் உலோகத் தோட்டா போடுகிற மாதிரி மாற்றியமைக்கப்பட்டது. அப்படி மாற்றும் வழக்கம் வர இன்னும் சில வருடம் ஆக வேண்டும். அசல் ஜேம்ஸ்பாண்டின் கதை அதைவிட மோசம். கிளாஸ்கோவிலிருந்து ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கிப் பித்தர் 1956-இல் இயான் ஃபிளெமிங்குக்குக் கடிதம் போட்டார். பாண்ட் வைத்திருக்கிற பெரெட்டா பொம்பளைகள் கைப்பையில் வைக்கிற சாமான், மாற்றுங்கள் என்றார். ஃபிளெமிங் 1958-இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் மாற்றினார். 1962-இல் படம் வந்தது. மேலதிகாரியின் அறையில் பாண்டிடம் இதுதான் வால்தர் பி.பி.கே. என்று கொடுக்கிற துப்பாக்கி, பி.பி.கே. இல்லை; அதன் அண்ணன் வால்தர் பி.பி. அடுத்த படத்தின் விளம்பரத்துக்கு ஷான் கானரியை நிற்கவைத்துப் படம் எடுக்கப் போனால், துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். போட்டோகிராபர் டேவிட் ஹர்ன் தன்னிடம் இருந்த ஏர் பிஸ்டலை எடுத்துக் கொடுத்தார். பலூன் சுடுகிற ஜாதி. அதைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு கானரி முறைத்த முறைப்பில் உலகமே நம்பியது. 2010-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்த ஏர் பிஸ்டல் 2,77,250 பவுண்டுக்குப் போனது. நிஜ பி.பி.கே.வுக்கு அந்த விலை கிடைக்குமா?

ஜெய்சங்கர் படம் பார்த்துவிட்டு வந்த பயல்களுக்குத் தீபாவளிக்குச் சிவகாசி படியளந்தது. தகரத் துப்பாக்கி, சுருள் கேப். சிவப்புக் காகித நாடாவில் பொட்டுப் பொட்டாக மருந்து. முதல் இரண்டு பொட்டு வெடிக்கும். மூன்றாவதில் நாடா மடங்கிச் சிக்கிக்கொண்டு துப்பாக்கித் தலைக்கு மேல் நாக்கு மாதிரி நீளும். அதை நகத்தால் கீறி விட்டு, மிச்சத்தைத் திண்ணையில் வைத்துக் கல்லால் குத்தி முடிப்பதுதான் முறை. பிரவுன் பெஸ்ஸின் நேரடி வாரிசு இதுதான் என்பது என் முடிவு.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் சினிமாவும் நிஜமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. திரையில் வில்லனாகவே வந்த எம்.ஆர். ராதா, திரையில் தோற்றே பழகாத எம்.ஜி.ஆரை நிஜ ரிவால்வரால் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். தமிழ்நாட்டில் துப்பாக்கியை அடையாளம் காணும் கலை டீக்கடைக்கு வந்தது அந்த வாரத்தில்தான். சுட்டது ஒரு துப்பாக்கியா இரண்டா, யார் யாரைச் சுட்டது என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. தடயவியல்காரர்கள் இரண்டு குண்டும் ஒரே ரிவால்வரிலிருந்து வந்தவை என்றார்கள். உயிர் போகாததற்குச் சொல்லப்பட்ட காரணம் இன்னும் அழகு: தோட்டாக்கள் பல வருடப் பழசு, டப்பாவுக்குள் உருண்டு புரண்டு வீரியம் இழந்திருந்தன. கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருந்த போட்டோ சுவரெல்லாம் ஒட்டப்பட்டு, பரங்கிமலைத் தொகுதித் தேர்தலில் அவர் படுக்கையிலிருந்தே ஜெயித்தார். சினிமா டம்மியாக இருந்திருந்தால் முதல் குண்டிலேயே கதை முடிந்து, நாட்டின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும்.

இன்றைய நிபுணர்களுக்கு வேலை சுத்தமாகிவிட்டது. ஏ.கே. 47 என்று வில்லன் பீற்றிக்கொள்வான். குழல் நுனியில் குறிபார்க்கும் முள்ளைச் சுற்றி வளையம் முழு வட்டமாக மூடியிருந்தால் அது சீனாவின் டைப் 56, மேலே திறந்திருந்தால் ரஷ்ய ரகம். ஹாலிவுட்டிலேயே பாதி ஏ.கே. சீனச் சரக்குதான். சுடும்போது பிஸ்டலின் மேல்மூடி பின்னால் போய் வரவில்லை, காலி ஓடு தெறிக்கவில்லை என்றால் கையில் இருப்பது ஃபைபர். வாயில் வருகிற நெருப்பு கம்ப்யூட்டரில் வைத்தது. ரெட்டைக் குழலில் ஜமீன்தார் மூன்றாவது தடவை சுட்டால், மனதுக்குள் மடக்கி ரவை போட்டுக்கொண்டார் என்று அர்த்தம்.

ஆனால் மதுரைப் படம் என்றால் இந்த ஞானம் பெரிதாக உதவாது. 'சுப்ரமணியபுரம்' தொடங்கி இங்கே கழுத்துக்கு வருவது இரும்புதான். மதுரைக்காரரான கார்த்திக் சுப்பராஜ் 2023-இல் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' எடுத்து, ஈஸ்ட்வுட் பக்தனான ரவுடி ஒருவனை எழுபதுகளின் மதுரையில் உலவவிட்டார். கர்ணனின் குதிரைகள் ஒருவழியாக ஊருக்குள் வந்து சேர்ந்தன. அதைப் போனில் ஓடவிட்டு, ரிவால்வரின் வருடத்தைப் பற்றி ஒருவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"துப்பாக்கி எந்த ஊருதா வேணா இருந்துட்டுப் போகட்டும் தம்பி. போன வாரம் ஒரு படத்துல திருப்பாச்சேத்தி அருவான்னு ஒண்ணைக் காட்டுனாய்ங்க. காத்துல ஆடுது."