அரையாண்டு விடுமுறைக் குளிர்ப் பரிசு: ஓர் இலக்கண ஆராய்ச்சி

பிள்ளைகளுக்கு ஆண்டு இறுதியில் பொருளைப் பரிசாகக் கொடுப்பதா, ஊட்டிக்கு அழைத்துப் போவதா என்னும் விவாதம் சென்னை நடுத்தரக் குடும்பங்களில் அக்டோபர் கடைசி வாரத்தில் எழுகிறது. பாசம் அந்த வாரத்தில் திடீரென்று பெருகுவதற்கு உளவியலில் விளக்கம் இல்லை, ரயில்வேயில் இருக்கிறது. முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்த விதி 2024 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. டிசம்பர் 25 இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற நினைக்கும் தகப்பனார் அக்டோபர் 26 காலை எட்டு மணிக்கு போனும் கையுமாக உட்கார்ந்தாக வேண்டும். எட்டே காலுக்கு உட்கார்பவர் பாசத்தில் குறைந்தவர் அல்லர். வெயிட்டிங் லிஸ்டில் மட்டும் சற்றுப் பின்னால் இருப்பார்.

இந்தப் பரிசு பெரும்பாலும் நிபந்தனையோடு அறிவிக்கப்படுகிறது: "அரையாண்டுல நல்ல மார்க் எடுத்தா ஊட்டி." நிபந்தனையின் காலவரிசையை ஆராய்வோம். டிக்கெட் அக்டோபரில் எடுத்தாயிற்று. தேர்வு டிசம்பரில். திருத்திய விடைத்தாள் கைக்கு வருவது ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு. ஆக, நிபந்தனை நிறைவேறியதா என்று தெரிவதற்குள் பரிசு அனுபவிக்கப்பட்டு, மலையிறங்கி, துணியும் துவைத்தாகிவிடும். ஒப்பந்தச் சட்டம் படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பிள்ளைகள் சிரிப்பதில்லை, அக்டோபரிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

தொல்காப்பியர் ஊட்டிக்குப் போனதற்குச் சான்றில்லை. ஆனால் டிசம்பர் டூருக்கு இலக்கணம் வகுத்தவர் அவரே என்பது நம் துணிபு. குறிஞ்சிக்கு நிலம் மலை. பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். மார்கழியும் தையும் முன்பனி. அரையாண்டு விடுமுறை மார்கழியில்தான் வருகிறது. சிறுபொழுது யாமம், கம்பளி போதவில்லை என்று ரிசப்ஷனுக்குப் போன் அடிக்கும் நேரமும் அதுவே. முதற்பொருள் பிசகின்றிப் பொருந்துகிறது. கருப்பொருளில் சில திரிபுகள் உள்ளன. தினையும் தேனும் இருந்த இடத்தில் மிளகாய் பஜ்ஜியும் வர்க்கியும். யானையும் புலியும் இருந்த இடத்தில் ஏரிக்கரை வாடகைக் குதிரையும் பொட்டலம் பறிக்கும் குரங்கும். தெய்வம் சேயோன் என்ற இடத்தில் கீசர். சுடுதண்ணீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டுமே வரும் என்று லாட்ஜ் குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. நடை திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் உள்ள ஒன்றைத் தெய்வம் என்று கொள்வதில் தடையொன்றும் இல்லை.

சிக்கல் உரிப்பொருளில் வருகிறது. குறிஞ்சிக்கு உரியது புணர்தல். இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி, ஓர் எக்ஸ்ட்ரா பெட் என்று அமைந்த ஒற்றை அறையில் அதற்கு வழி ஏது? மாறாக, பிற திணைகளின் உரிப்பொருள் அனைத்தும் தவறாமல் நிகழ்கின்றன. ஆளுக்கொரு கோச்சில் பெர்த் விழுந்தால் பாலையின் பிரிதல். மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் மலை ரயிலுக்காக முல்லையின் இருத்தல். "உங்க தங்கச்சி சொன்னாங்கன்னுதானே இந்த லாட்ஜைப் போட்டீங்க" என்று தொடங்கினால் மருதத்தின் ஊடல். அறையைக் காலி செய்யும்போது பில்லைப் பார்த்து நெய்தலின் இரங்கல். இலக்கணிகள் இதைத் திணைமயக்கம் என்பர். குடும்பஸ்தர்கள் லீவு என்பர்.

மலையேறத் தேர்ந்த பருவத்தைப் பற்றியும் ஓர் ஐயம் எழுப்ப வேண்டும். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலந்தொட்டு வெள்ளைக்காரர்கள் உதகைக்கு ஏறியது வெயிலுக்குப் பயந்து. சென்னை மாகாண அரசாங்கமே பின்னாளில் கோடைதோறும் கோப்புகளோடு மலையேறியது. அதில் ஒரு நியாயம் இருந்தது. சென்னையில் ராத்திரி மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைத்துத் தூங்க முடிகிற மாதம் மார்கழி. அந்த மாதத்தை வீட்டில் விட்டுவிட்டு, பணம் கட்டி நடுங்கப் போகிறோம்.

ஏன்? பிள்ளை கேட்டது பனி. சினிமாவில் கதாநாயகி உருட்டி எறியும் பனி. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அது பெய்வதில்லை, படிவது உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் பக்கத்துத் தாழ்ந்த புல்வெளிகள் விடிகாலையில் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கின்றன. நம் குடும்பமோ உயரப் போனால் பனி கூடும் என்ற அறிவியல் நம்பிக்கையில் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்கு ஏறுகிறது, அதுவும் பதினொரு மணிக்கு. வெயில் பட்ட சற்று நேரத்தில் உறைபனி கரைந்துவிடும். அதைப் பார்க்க ஆறு மணிக்கு எழ வேண்டும். விடுமுறையில் ஆறு மணிக்கு எழுந்த பிள்ளையைப் பற்றி நமக்கு எந்தத் தரவும் கிடைக்கவில்லை.

மலை ரயிலை ஆய்வாளர் எவரும் குறை சொல்ல முடியாது. 1899இல் குன்னூர் வரை, 1908இல் உதகை வரை வந்தது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாற்றுக்கு மேலே பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏற்றம். அங்கே தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்சக்கரத்தால் பிடித்துப் பிடித்து, பின்னாலிருந்தபடி எஞ்சின் முழு ரயிலையும் தள்ளிக்கொண்டு போகிறது. தகப்பனார்களுக்கு இந்த எஞ்சின்மேல் காரணம் புரியாத ஒரு பரிவு ஏற்படுவதைக் கவனித்திருக்கிறோம். ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம். "இன்னும் எவ்ளோ நேரம்?" என்ற வினா முதல் அரை மணியில் பிறக்கிறது.

மலை ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் பஸ்ஸில் ஏறுகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உட்காது "திரும்புகிறோம்" என்கிறது. போன் திரையில் பதிந்த கண் "இல்லையே, அசையவில்லையே" என்கிறது. இந்த வழக்கில் தீர்ப்பு வழங்குவது வயிறு. எலுமிச்சம்பழமும் இஞ்சி மரப்பாவும் மேல்முறையீடுகள், பெரும்பாலும் தள்ளுபடியாகும்.

மேலை அறிஞர் கருத்துக்கும் செவிசாய்ப்போம். 1993இல் டேனியல் கானெமனும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். 14 டிகிரித் தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருப்பது ஒரு முறை. மறுமுறை அதே ஒரு நிமிடம், அதன்மேல் இன்னும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் 15 டிகிரிக்கு மெல்ல ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் நீளமான வதையையே தேர்ந்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தால் மொத்தமும் நல்லதாக நினைவில் தங்குகிறதாம். கீசர் நேரம் தவறி எட்டரை மணிக்குக் குளித்த எவரும் இதைப் பல்கலைக்கழகம் போகாமலே சொல்லியிருப்பார். நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வோ வேறொன்று சொன்னது: விடுமுறைக்குப் போகிறவர்களின் கூடுதல் மகிழ்ச்சி போவதற்கு முன்புதான், திரும்பிய பிறகு, நன்றாக இளைப்பாறி வந்த சிலரைத் தவிர, மற்றவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அக்டோபர் 26க்கும் டிசம்பர் 25க்கும் இடைப்பட்ட 60 நாளே உண்மையான பரிசு என்றாகிறது. அந்த நாட்களுக்கு லாட்ஜ்காரர் வாடகை கேட்பதும் இல்லை.

பெறுநரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யாமல் ஆய்வு முழுமை பெறாது. மயிலாப்பூர் வீடொன்றில், திரும்பி வந்த மறுநாள், பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "ஊட்டில என்னடா கண்ணா பாத்தே?"

"லாட்ஜ்ல லிஃப்ட் இருந்துச்சு மாமி. ரெண்டு பக்கமும் கதவு. நானும் அக்காவும் பதினாலு வாட்டி போனோம்."

"அப்புறம்?"

"கட்டில்ல குதிச்சா இந்த ஹைட் போலாம். அப்பாவும் ஒரு வாட்டி குதிச்சாரு. அம்மா திட்டல."

1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா ஆகியவை வாக்குமூலத்தில் இடம்பெறவில்லை. பிறகு விசாரித்தபோது, குதிரை ஒன்று சாணி போட்டது மட்டும் நினைவுக்கு வந்தது.

இத்தரவைக் கொண்டு அந்தத் தகப்பனார் ஒரு முன்மொழிவு தயாரித்தார்: அடுத்த ஆண்டு எழும்பூரிலேயே, இரட்டைக் கதவு லிஃப்டும் நல்ல ஸ்பிரிங் மெத்தையும் உள்ள லாட்ஜில் இரண்டு இரவு. பெறுநர் திருப்தி அதேதான், செலவு நாலில் ஒரு பங்கு, வாந்தி சுழியம். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பீரோவுக்குள் வைக்க மடித்துக்கொண்டிருந்த உருப்படிகளைக் காட்டிச் சொன்னார்:

"அப்போ இந்த அஞ்சு ஸ்வெட்டரை எழும்பூர்லயா போட்டுக்கறது?"